குப்ரோ நிக்கல் பைப்: கை வேகத்துக்கு முன்னால் துணி, பிரஷ், ஆர்கான்

மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கம் ஐடிஐ முடித்து, திருச்சியில் பாய்லர் வேலை பழகி, அப்புறம் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கோ வளைகுடாவுக்கோ விமானம் ஏறுகிற பையன்கள் நிறைய. கார்பன் ஸ்டீலில் 6ஜி டெஸ்டை (பைப்பை 45 டிகிரி சாய்த்து நிறுத்தி அடிக்கிற தேர்வு) அசால்ட்டாக முடிப்பார்கள், ஸ்டெயின்லெஸ்ஸும் கைவந்துவிட்டிருக்கும். அதே ஆள் முதல் தடவை, செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கல் பைப்பை வெல்டு அடித்தால் எக்ஸ்ரே ஃபிலிமில் புள்ளி புள்ளியாக ஓட்டை விழுந்து நிற்கும். கை நடுங்கியதா, ஆம்ப்ஸ் தப்பா என்று மெஷினைத் திருகிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே இல்லை. இந்த மெட்டலுக்குத் தேவை சுத்தமும் பொறுமையும்தான், திறமை அதற்கு அப்புறம். டிக் வெல்டிங் (ஆர்கான் மறைவில் டங்ஸ்டன் முனையால் அடிப்பது) ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன், டார்ச் பிடிப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்கவில்லை.

முதலில் கையில் இருப்பது எது என்று தெரிய வேண்டும். 90/10 என்றால் 10 சதவீதம் நிக்கல், ஒன்றரை சதவீதம் போல இரும்பு, கொஞ்சம் மாங்கனீசு, மீதி செம்பு. லேசான செம்பு நிறம் தெரியும். 70/30 வெள்ளிபோல் வெளுத்திருக்கும். (1992-இல் வந்த கனமான ஐந்து ரூபாய் நாணயம் நினைவிருக்கிறதா? அதுவும் இந்தக் குடும்பம்தான், 75 செம்பு, 25 நிக்கல்.) கடல் தண்ணீர் ஓடுகிற லைனுக்குப் பெரும்பாலும் போடுவது 90/10. காரைக்கால் துறைமுகத்துக்கு வந்து போகிற டக் (இழுவைக் கப்பல்) மாதிரிக் கப்பல்களின் கூலிங் லைன், தீயணைப்பு லைன், படகு என்ஜின் ஹீட் எக்ஸ்சேஞ்சர் டியூப் என்று பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, படகெல்லாம் கரையேறி நிற்கும். நாகையிலும் காரைக்காலிலும் இந்த மாதிரி ரிப்பேர் வேலை அதிகம் வருவது அப்போதுதான்.

செம்பு என்றதும் நன்றாகச் சூடு ஏற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று சிலர் பர்னரைக் கொண்டு வருவார்கள். வேண்டாம். சுத்தச் செம்பு சூட்டை உறிஞ்சி எடுத்துப் போய்விடும், உண்மைதான், ஆனால் நிக்கல் கலந்ததும் அந்தக் குணம் போய்விடுகிறது. 90/10 சூட்டைக் கடத்துவது கிட்டத்தட்ட கார்பன் ஸ்டீல் அளவுதான், 70/30 அதைவிடக் குறைவு. ஆகவே முன்சூடு கிடையாது, முடிந்த பிறகும் ஹீட் ட்ரீட்மென்ட் கிடையாது. மாறாக, ஒரு பாஸுக்கும் (ஒரு வரிசை வெல்டு) அடுத்த பாஸுக்கும் நடுவில் பைப் 150 டிகிரிக்குக் கீழே இறங்கக் காத்திருக்க வேண்டும். டெம்பரேச்சர் சாக் (சூடு தெரிந்துகொள்ளத் தேய்க்கிற சாக்குக்கட்டி) வைத்துத் தேய்க்காதீர்கள், காரணம் கீழே வருகிறது. தொட்டு அளக்கிற தெர்மாமீட்டர் நல்லது. தூரத்திலிருந்து காட்டுகிற இன்ஃப்ராரெட் கன் பளபளப்பான பைப்பில் உள்ள சூட்டைவிடக் குறைவாகக் காட்டும், அதை நம்பி அடுத்த பாஸ் போட்டால் போச்சு.

சரி, சுத்தம். கந்தகம், ஈயம், பாஸ்பரஸ், பிஸ்மத் இந்த நாலும் கொஞ்சமாக உள்ளே போனாலே வெல்டு சூடாக இருக்கும்போதே விரிசல் விடும். இவை எங்கிருந்து வரும் என்று பார்த்தால் நம் பட்டறையில் எல்லா இடத்திலிருந்தும்தான்: த்ரெட் போட்ட எண்ணெய், கிரீஸ், மார்க் பண்ணின கிரேயான், பெயின்ட் மார்க்கர், டெம்பரேச்சர் சாக், பழைய படகில் அடித்த ஈயச் சிவப்பு பெயின்ட், கை ரேகையில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதை மெஷினோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பைப்புக்கு வேண்டாம், குங்குமத்தில் என்ன கலந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் உள்ளும் வெளியும் துடையுங்கள். துணியில் கறுப்பு வராமல் நிற்கிறவரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அப்புறம் ஓரத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரு 12 மி.மீ. அளவுக்கு ஆக்சைடு தோலை எமரித் தாளாலோ ஸ்டெயின்லெஸ் வயர் பிரஷாலோ எடுத்து, பளிச்சென்ற மெட்டல் தெரிய வேண்டும். அந்த பிரஷை ஸ்டீல் வேலைக்குத் தொடவே கூடாது. கிரைண்டிங் டிஸ்க்கும் அப்படியே, ஸ்டீலில் ஓடின டிஸ்க்கை இதில் வைத்தால் இரும்புத் துகளைப் பதித்துவிடும். பிரஷ் கைப்பிடியில் ஒரு கலர் டேப் சுற்றிப் பூட்டி வையுங்கள், இல்லையென்றால் யாராவது ஹெல்பர் எடுத்துக்கொண்டு போய் துரு சுரண்டுவான்.

கேஸ் கட்டிங் இதில் எடுபடாது. ஹேக்ஸா, பேண்ட்ஸா, கட்டிங் வீல் அல்லது பிளாஸ்மா. பிளாஸ்மாவில் வெட்டினால் வெட்டின முகத்தைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துவிடுங்கள். 3 மி.மீ. வரை சுவர் உள்ள பைப்புக்கு பெவல் (ஓரத்தைச் சாய்வாகச் சீவுவது) இல்லாமல் நேர் முகம் போதும். அதற்கு மேல் போனால் வி வேண்டும், அந்த வி-யை ஸ்டீலுக்கு வைக்கிற 60 டிகிரியில் வைக்காதீர்கள், மொத்தக் கோணம் 70-க்குக் குறையாமல் இருக்கட்டும். இந்த ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கிற ராட்) தண்ணீராக ஓடாது, அதிரசப் பாகு மாதிரி வைத்த இடத்திலேயே நிற்கும். இடம் குறுகலாக இருந்தால் ஓரத்தில் போய்ச் சேராமல் நடுவில் குவிந்துகொள்ளும், அடியில் ஒட்டாமல் விட்டுவிடும். அது ஓடவில்லையே என்று ஆம்ப்ஸை ஏற்றுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். சூடு ஏறும், ஓட்டை விழும், ஓட்டம் மட்டும் வராது. ஃபில்லரைச் சேர வேண்டிய இடத்துக்கு நீங்கள்தான் கொண்டு போய் வைக்க வேண்டும்.

ஃபில்லர் விஷயத்தில் ஒரே விதி. 90/10 ஆனாலும் 70/30 ஆனாலும் ராட் 70/30-தான், ஈஆர்சியூஎன்ஐ என்று பெட்டியில் போட்டிருக்கும். அதில் கொஞ்சம் டைட்டானியம் கலந்திருக்கிறது, உருகின மெட்டலில் இருக்கிற ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் பிடித்துக் கட்டிப்போடுவது அதுதான். பைப் மெட்டலில் டைட்டானியம் கிடையாது. ஆகவே ஃபில்லர் இல்லாமல் பைப்பை மட்டும் உருக்கி ஒட்டினால் ஓட்டை விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டாக் (பைப்பைப் பிடித்து நிறுத்தப் போடும் சின்ன வெல்டு) போடும்போதும் ராட் வேண்டும். கேப் (மேலே போடுகிற கடைசி பாஸ்) முடித்துவிட்டு, அழகுக்காக ராட் இல்லாமல் டார்ச்சை மட்டும் ஒரு ஓட்டு ஓட்டுகிற பழக்கம் ஸ்டெயின்லெஸ்ஸில் பலருக்கு உண்டு. அதை இங்கே மறந்துவிடுங்கள், பார்க்க வழவழவென்று இருக்கும், ஃபிலிமில் முழுக்கக் கறுப்புப் புள்ளி.

டாக் ஸ்டீலில் போடுகிற இடைவெளியில் பாதிதான். சூட்டில் இது ஸ்டீலைவிட கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விரியும், நாலு டாக் போட்டுவிட்டு ரூட்டை (அடியில் போடுகிற முதல் பாஸ்) தொடங்கினால் எதிர்ப் பக்கத்து இடைவெளி மூடிக்கொள்ளும்.

அடுத்து உள்ளே ஆர்கான். பர்ஜ், அதாவது பைப்பின் உள்ளே ஆர்கான் நிரப்புவது, இல்லாமல் ரூட் அடித்தால் உட்பக்கம் கறுத்துப் பொரிந்து வரும், பின்னால் கடல் தண்ணீர் ஓடும்போது அரிப்பு ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான். இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் வட்டோ தண்ணீரில் கரைகிற பேப்பரோ வைத்து அடையுங்கள். காற்றைவிட ஆர்கான் கனம், அதனால் கீழிருந்து விட்டு மேலே ஒரு சின்ன ஓட்டை வழியாகக் காற்று வெளியேற வழி செய்யுங்கள். ரூட் முடிகிற நேரத்தில் பர்ஜ் ஃப்ளோவைக் குறையுங்கள், இல்லையென்றால் உள்ளே சேர்ந்த அழுத்தம் கடைசி ஓட்டையில் மெட்டலை வெளியே ஊதித் தள்ளும். ஹோஸ் பழசாக இருந்தால் ஈரம் இழுத்துக்கொண்டு வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். இணைப்பையெல்லாம் சோப்பு நுரை போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, படகின் அடிக்குழியில் வேலை செய்யும்போது இந்த ஆர்கான் முழுவதும் வழிந்து கீழேதான் தேங்கும். மணம் கிடையாது, மூச்சு முட்டுவதாகவும் தோன்றாது, நேராக மயக்கம்தான். ஃபேன் வைக்காமல், மேலே ஒரு ஆள் நிற்காமல் இறங்காதீர்கள். செம்பும் நிக்கலும் கலந்த புகையும் சாதாரணமானதல்ல, ராத்திரி குளிரெடுத்துக் காய்ச்சல் வரும், நிக்கல் புகை நாள்பட உள்ளே போனால் புற்றுநோய் வரை கொண்டு விடும். புகையை இழுத்து வெளியே விட ஒரு குழாய் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அடிக்கலாம். டிசி, டங்ஸ்டன் நெகட்டிவ், கூராகத் தீட்டின முனை, ஆர்கான் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர். அதே கனமுள்ள கார்பன் ஸ்டீலுக்கு வைக்கிற ஆம்ப்ஸில் தொடங்கி ஒரு துண்டுப் பைப்பில் ஓட்டிப் பார்த்துச் சரி செய்யுங்கள். பைப்பின் அடிப்பக்கம், அதாவது 6 மணியில் தொடங்கி மேலே ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கைக் காடியின் உள்ளேயே தொடுங்கள், வெளியே பைப்மேல் தட்டின வடு அரிப்புக்கு இடமாகிவிடும். ஆர்க் குட்டையாக இருக்கட்டும், நீளம் கூடினால் காற்று கலக்கும், டைட்டானியம் வீணாக எரிந்து போகும். உருகின மெட்டலைக் கவனியுங்கள்: சுத்தமாக இருந்தால் கண்ணாடியாக மின்னும், இரண்டு ஓரமும் நனைந்து ஒன்றாகச் சேர்வது தெரியும். மேலே சாம்பல் நிறத்தில் தோல் சுருங்கினால் ஆக்சைடு, அதன்மேல் ராட் வைத்துப் பிரயோஜனமில்லை, நிறுத்திச் சுரண்டிவிட்டுத்தான் போக வேண்டும். ராட் நுனியை ஆர்கான் மறைவிலிருந்து வெளியே இழுக்காதீர்கள். வெளியே வந்து கறுத்துப்போன நுனியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவது நல்லது, ராட் விலை அதிகம்தான், ஆனால் ரிப்பேர் விலை அதைவிட அதிகம். நிறுத்தும்போது சட்டென்று எடுக்காமல் கரண்டைப் படிப்படியாகக் குறைத்து, குழியை நிரப்பி, கேஸ் நிற்கும்வரை டார்ச்சை அங்கேயே பிடியுங்கள். மறுபடி தொடங்கும் இடத்தை லேசாக கிரைண்ட் செய்துவிட்டுத் தொடங்குங்கள், ஓட்டை அதிகம் விழுகிற இடம் இந்தத் தொடக்கமும் முடிவும்தான். அகல வீவிங் (டார்ச்சை இரு பக்கமும் ஆட்டி அடிப்பது) வேண்டாம், நேர்க்கோடாகச் சின்னச் சின்ன பாஸ்.

மத்தியானம் கடல் காற்று கிளம்பிவிட்டால் அக்கரைப்பேட்டைப் பக்கம் திறந்த வெளியில் டிக் அடிப்பது வீண். தார்ப்பாய் கட்டுங்கள் அல்லது காலையிலேயே ரூட்டை முடியுங்கள். அவசரத்துக்கு ஸ்டிக் (பூச்சு போட்ட எலெக்ட்ரோடு) எடுக்கலாம், கனமான சுவருக்கு மட்டும். எலெக்ட்ரோடு பாசிட்டிவ், பெட்டியில் போட்டபடி ஓவனில் உலர்த்தினது, ஒவ்வொரு பாஸுக்கும் ஸ்லாகை (மேலே படிகிற கசடு) முழுக்க எடுத்தாக வேண்டும்.

சின்ன டியூப்புக்கு பிரேசிங் போதும் என்றால் போதும்தான். ஆனால் ஏசி மெக்கானிக் வைத்திருக்கிற பாஸ்பரஸ் கலந்த செம்பு ராடை வாங்கி ஒட்டிவிடாதீர்கள், பாஸ்பரஸும் நிக்கலும் சேர்ந்து கண்ணாடித்தனமாக நொறுங்குகிற ஜாயின்ட் கிடைக்கும். வெள்ளி கலந்த ராட், அதுவும் காட்மியம் இல்லாதது.

ஸ்டீலோடு சேர்க்க வேண்டி வந்தால் 70/30 ராட் சரிப்படாது. உருகின ஸ்டீலிலிருந்து இரும்பு அதிகமாகக் கலந்தால் வெல்டு விரிசல் விடும், செம்பு ஸ்டீலின் உள்ளே ஊடுருவியும் விரிசல் தரும். மோனல் (நிக்கல் அதிகம், செம்பு குறைவு) ராட் போடுங்கள், ஸ்டெயின்லெஸ் என்றால் சுத்த நிக்கல் ராட். வெல்டு நன்றாக வந்தாலும் கடல் தண்ணீரில் இந்த ஜோடியில் அரிக்கப்படுவது ஸ்டீல்தான், அதனால் முடிந்தவரை இன்சுலேட் செய்த ஃபிளாஞ்ச் வைப்பதே என் கட்சி.

சோதனைக்கு மேக்னடிக் பார்ட்டிகல் கேட்டு யாராவது வந்தால் சிரித்து அனுப்புங்கள், இதில் காந்தம் பிடிக்காது. டை பெனட்ரன்ட் (விரிசலில் சாயம் ஊறவிட்டுப் பார்ப்பது), எக்ஸ்ரே இரண்டும்தான். உள்ளே டார்ச் லைட் அடித்து ரூட்டையும் பாருங்கள். ரூட் உள்ளே தடித்துத் துருத்திக்கொண்டிருந்தால் தண்ணீர் அங்கே சுழன்று, அதற்கு அடுத்த சுவரைக் குடைந்துவிடும். 100 மி.மீ.க்கு மேலான 90/10 பைப்பில் கூட ஓட்டம் நொடிக்கு மூன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இதே காரணத்துக்காகத்தான்.

ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது) எந்தத் தண்ணீர் என்பதில் நம் ஊரில் அலட்சியம் அதிகம். கடலோரத்தில் போர் தண்ணீரும் உப்பு, சில இடத்தில் அழுகின முட்டை நாற்றம், அந்த நாற்றம் அடித்தால் சல்பைடு இருக்கிறது, தொடவே தொடாதீர்கள். கடுவையாற்று முகத்திலோ அரசலாற்றிலோ நிற்கிற படகில் புது லைனைப் போட்டதும் சேறும் சாக்கடையும் கலந்த துறைத் தண்ணீரை இழுத்து அப்படியே தேக்கி வைப்பார்கள். இந்த மெட்டலைக் காப்பாற்றுவது உட்பக்கம் தானாகப் படிகிற மெல்லிய ஆக்சைடு படலம், அது முழுசாக முதிர வாரக்கணக்கில் ஆகும், சல்பைடு முந்திக்கொண்டால் சரியான படலம் படியவே படியாது. நல்ல தண்ணீரில் டெஸ்ட் செய்து, வடித்து, உலர்த்தி வையுங்கள். முதல் ஓட்டத்தை வெளிக்கடலுக்குப் போய் சுத்தக் கடல் தண்ணீரில் ஓட்டச் சொல்லுங்கள். துறைக்குத் திரும்பினால் லைனைக் காலி செய்து, நல்ல தண்ணீர் விட்டு அலசச் சொல்லிவிட்டு பில்லை நீட்டுங்கள்.