எண்ணூர் கடற்கரைச் சாலையில் கல் மேல் ஏறும் முன்

திருவொற்றியூர் பக்கம் காலையில் கடலோரம் நடப்பவர்களுக்கு ஒன்று. அங்கே இருப்பது இயற்கையான பாறை இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்ததும், வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தங்கி மெரினா அகன்றது. இந்தப் பக்கம் கரை அரித்தது. அதைத் தடுக்கக் கொட்டிய கற்கள்தான் இவை. அதனால் சில கல் ஆடும். ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்த காலை எடுங்கள்.

கல்லின் நிறத்தையும் பாருங்கள். வெளிறிக் காய்ந்திருந்தால் உட்காரலாம். கரும்பச்சையாகப் பளபளத்தால் பாசி. ரப்பர் செருப்பெல்லாம் அதில் நிற்காது, நான் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டது அப்படித்தான். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஈரமா இருக்குற கல்லு வரைக்கும் அலை வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். மறுபடியும் வரும்."

அப்புறம் செல்ஃபி. சூரியன் கடலில் எழுவதால் முதுகைக் கடலுக்குக் காட்டித்தான் எடுக்கத் தோன்றும். கல்லை விட்டு இறங்கி, சாலையோரம் நின்று எடுங்கள். படம் அங்கேயும் நன்றாகத்தான் வருகிறது.