ஸ்பிரிங்பேக்: "எம்எஸ்-ஸுக்கு 1, எஸ்எஸ்-ஸுக்கு 3" என்ற கணக்கு எங்கே தவறுகிறது?

தகட்டை வி வடிவப் பள்ளமுள்ள டையின் மேல் வைத்து, மேலிருந்து பஞ்சால் அழுத்தி வளைக்கும் இயந்திரம் பிரஸ் பிரேக். அதில் 90 டிகிரிக்கு வளைத்த தகடு, பஞ்ச் மேலேறியதும் 91, 92 என்று திறந்துகொள்கிறது. வளைவின் இரு பரப்புகளும் நிரந்தரமாக உருமாறிவிட்டாலும், நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு மீள்நிலையிலேயே நிற்கிறது. அழுத்தம் நீங்கியவுடன் தகடு மொத்தமும் சற்றுப் பின்வாங்குகிறது. இதுதான் ஸ்பிரிங்பேக். கூடுதலாக வளைத்தால் சரியாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூடுதலாக என்பதில்தான் ஷீட் வீணாகிறது.

பெரிய தவறு, எம்எஸ்-ஸுக்கு (மைல்டு ஸ்டீல்) 1 டிகிரி, எஸ்எஸ்-ஸுக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 3 டிகிரி என்று உலோகத்துக்கு ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்வது. ஸ்பிரிங்பேக் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: உலோகத்தின் ஈல்டு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு), அதன் யங் குணகம் (மீள்நிலையில் அதன் விறைப்பு), உள் ஆரம் தடிமனைப்போல் எத்தனை மடங்கு என்பது. 2 மி.மீ. எம்எஸ் தகடு, ஈல்டு 250 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். உள் ஆரம் 2 மி.மீ. என்றால், கணக்குப்படி 90 டிகிரி வளைவில் மீள்வது சுமார் 0.3 டிகிரிதான். அதே தகட்டை 20 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் சுமார் 3.4 டிகிரி. அதே ஆரத்தில் 6061-டி6 அலுமினியம் என்றால் 10 டிகிரியைத் தாண்டும். ஈல்டு கிட்டத்தட்ட எம்எஸ் அளவுதான், ஆனால் யங் குணகம் மூன்றில் ஒரு பங்கு.

இதனால்தான் டையை மாற்றிவிட்டுப் பழைய திருத்தத்தையே போடுவது ஆபத்து. ஏர் பெண்டிங்கில், அதாவது தகட்டை டையின் அடிவரை அழுத்தாமல் வளைக்கும்போது, உள் ஆரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வி-டையின் திறப்பு. எம்எஸ்-ஸில் ஆரம் அதில் ஏறக்குறைய 16% வரும். வி16-இல் (திறப்பு 16 மி.மீ.) 2.6 மி.மீ., வி24-இல் 3.8 மி.மீ.; ஸ்பிரிங்பேக்கும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. ஆரம் மாறினால் பிளாங்க் (வளைக்குமுன் வெட்டிய தட்டைத் தகடு) நீளமும் மாறும். கோணத்தை மட்டும் திருத்துபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வளைவு குறைந்தால் மீள்வதும் குறையும். 90 டிகிரி வளைவில் 2 டிகிரி மீளும் தகடு, 60 டிகிரி வளைவில் சுமார் 1.3 டிகிரிதான் மீளும். கண்ட்ரோலர் பெரும்பாலும் உள்கோணத்தை, அதாவது வளைந்த இரு பக்கங்களுக்கும் இடையிலான கோணத்தைக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். கூடுதலாக வளைக்க 90-ஐ 88 ஆக்க வேண்டும், 92 ஆக்கக் கூடாது.

மில் சான்றிதழை (ஸ்டீல் ஆலை தரும் சோதனைச் சான்று) பார்க்காமல் கிரேடு பெயரை மட்டும் நம்புவதும் இழப்புதான். ஐஎஸ் 2062 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் இ250 கிரேடில் 250 என்பது குறைந்தபட்ச ஈல்டு. வந்த காயிலில் 320 இருந்தால் ஸ்பிரிங்பேக் கால் பங்குக்கு மேல் கூடும். சோதனைத் துண்டை அதே காயிலிலிருந்து, பாகத்தின் ரோலிங் திசையிலேயே வெட்டுங்கள். தடிமனையும் மைக்ரோமீட்டரில் பாருங்கள். தடிமன் கூடினால், பஞ்ச் அந்த அளவு கூடுதலாக இறங்கியதுபோல்தான். வி16 டையில் பஞ்ச் 0.1 மி.மீ. கூடுதலாக இறங்கினாலே கோணம் முக்கால் டிகிரி அளவு மாறும். அந்த மாற்றத்தை ஸ்பிரிங்பேக் என்று நினைத்துத் திருத்தினால் அடுத்த ஷீட் கெட்டுவிடும்.

90 டிகிரி டையில் ஏர் பெண்டிங் செய்து 90 கேட்பது நடக்காது. கூடுதலாக இறங்க அங்கே இடமே இல்லை. எஸ்எஸ்-ஸுக்கு 85 அல்லது அதற்கும் குறுகிய டை, அதற்கேற்ற பஞ்ச் தேவை. காயினிங் செய்தால், அதாவது பஞ்சையும் டையையும் இறுக்கி வளைவை நசுக்கினால், மீள்வது ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் டன்னேஜ் (தேவைப்படும் அழுத்த விசை) பல மடங்கு ஏறும். டையும் மெஷினும் தாங்குமா என்று கணக்குப் பார்க்காமல் அதில் இறங்க வேண்டாம்.

ஸ்டாம்பிங்கில் (அச்சில் அழுத்தி வடிவம் கொடுப்பதில்), குறிப்பாக டிபி (டூயல் ஃபேஸ்) என்ற உயர்வலிமை ஸ்டீலின் யு-சேனலில், சுவரே வில்போல் சுருளும். டை ஆரத்தின் மேல் வளைந்து நிமிர்ந்த உலோகத்தில் இரு பரப்புகளிலும் தகைவு வேறுபடுவதே காரணம். டையின் கோணத்தை எவ்வளவு மாற்றினாலும் அது போகாது. ஸ்ட்ரோக்கின் கடைசியில் பிளாங்க்கின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டரின் விசையைக் கூட்டியோ, உலோகம் நழுவாமல் தடுக்கும் மேடான பீட் வைத்தோ சுவரைச் சுமார் 2% இழுக்க வேண்டும். சுருக்கமும் கிழிசலும் தீருமுன் டை முகத்தைத் திருத்தாதீர்கள். பிளாங்க்கையோ பீடையோ மாற்றினால் அந்தத் திருத்தம் செல்லாது. முடித்த பாகத்தை முதலில் கிளாம்ப் இல்லாமல் வைத்து அளந்துவிடுங்கள். கிளாம்ப் இறுகியபின் எல்லாப் பாகமும் டிராயிங்குக்குச் சரியாகத்தான் தெரியும்.