உயர்த்து, ஏற்று, தூக்கு: எதிர்ச்சொல் கண்டுபிடிப்பது எப்படி?

பெங்களூரில் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்துவிட்டு வீட்டில் தமிழ் எழுதப் பழகும் பிள்ளைகளிடம் ‘உயர்த்து’ என்பதற்கு எதிர்ச்சொல் கேளுங்கள். ‘தாழ்த்து’ என்று பட்டென்று வரும். சரிதான். ஆனால் ‘வீட்டுக்காரர் வாடகையைத் தாழ்த்தினார்’ என்று யாராவது பேசுவார்களா? ‘குறைத்தார்’ என்போம். வினையை மட்டும் தனியாக மனப்பாடம் செய்வதால் வரும் கோளாறு இது.

படி 1: ‘எதை?’ என்று கேளுங்கள்

வினைக்கு முன்னால் பொருளைச் சேர்த்து எழுதிவிட்டு அப்புறம் எதிர்ச்சொல் தேடுங்கள். குரலை உயர்த்து என்றால் தாழ்த்து. சம்பளத்தை உயர்த்து என்றால் குறை. கையைத் தூக்கு என்றால் இறக்கு. கவிழ்ந்த குடத்தை நிமிர்த்து என்றால் கவிழ்.

‘ஏற்று’தான் அதிகம் படுத்தும். மூட்டையை ஏற்றினால் இறக்கலாம், கொடியை ஏற்றினாலும் இறக்கலாம். விளக்கை ஏற்றினால்? இறக்க முடியாது, அணைக்க வேண்டும். அதிலும் சாமி விளக்கு என்றால் பல வீடுகளில் ‘அணை’ என்று வாயால் சொல்ல மாட்டார்கள். ‘குளிர வை’ அல்லது ‘மலையேற்று’ என்பார்கள். ஏற்றுவதற்கு எதிர்ச்சொல்லிலேயே இன்னொரு ‘ஏற்று’!

படி 2: தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா?

விலை ஏறியது, இறங்கியது: இவை தன்வினை. விலையை ஏற்றினார், இறக்கினார்: இவை பிறவினை. உயர் என்றால் தாழ், உயர்த்து என்றால் தாழ்த்து. ஜோடி மாறக் கூடாது. ‘குறை’ போன்ற சில வினைகளில் மட்டும் இரண்டுக்கும் ஒரே உருவம். காலம் சேர்த்தால்தான் பிரியும்: விலை குறைந்தது, விலையைக் குறைத்தார். இங்கே வல்லின ‘ற’ முக்கியம். ‘வாடகையைக் குரைத்தார்’ என்று எழுதினால் வீட்டுக்காரர் நாயாகிவிடுவார்.

படி 3: இறந்தகாலத்தில் எழுதிப் பாருங்கள்

தப்பெல்லாம் இங்கேதான் வெளிப்படும். ‘ஏற்றினார்’ என்றால் மேலே ஏற்றிவிட்டார். ‘ஏற்றார்’ என்றால் ஒப்புக்கொண்டார். அதற்கு எதிர் ‘மறுத்தார்’. இரண்டும் வேறு வேறு வினை. அதேபோல் ‘பஸ்ஸிலிருந்து இறங்கினார்’ என்பதை அவசரத்தில் ‘இறந்தார்’ என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. இறங்கு, இற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் குழப்பம் தீரும்.

பெங்களூருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. கண்டக்டர் ‘இளீரி’ (கன்னடத்தில் ‘இறங்குங்கள்’) என்று சத்தம் போடுவதைக் கேட்டு வளரும் பிள்ளை, தமிழிலும் ‘இளி’ என்று எழுதிவிடும். தமிழில் இளித்தால் பல்தான் தெரியும். கன்னட ‘இளி’க்கு உறவான தமிழ்ச் சொல் ‘இழி’. பழைய இலக்கியத்தில் அதற்கு இறங்குதல் என்ற பொருள் உண்டு. இன்று இழிவு என்ற பொருளே நிற்பதால், பஸ்ஸுக்கு ‘இறங்கு’ போதும்.

படி 4: திருப்பிச் செய்து பாருங்கள்

முதல் செயலையும் எதிர்ச்செயலையும் அடுத்தடுத்துச் செய்தால் பழைய நிலை திரும்ப வேண்டும். சுவரை எழுப்பி இடித்தால் வெறும் மனை; சரி. தூங்கும் குழந்தையை எழுப்பினால் மறுபடி தூங்க வைக்க வேண்டும். அங்கே ‘இடி’ உதவாது. அல்சூர் ஏரிக்கரையில் 2009-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையை எடுத்துக்கொண்டால், ‘நிறுவு’ என்பதற்கு எதிர் ‘அகற்று’, ‘திறந்து வை’ என்பதற்கு எதிர் ‘மூடி வை’. சிலவற்றுக்கு எதிரே கிடையாது. ‘கேள்வி எழுப்பு’ என்பதற்கு ‘பதில் சொல்’ எதிர்ச்சொல் ஆகாது. அது அடுத்த செயல், அவ்வளவுதான்.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது தொடரையே மாற்ற வேண்டும். கைதூக்கி விடு என்றால் காலை வாரி விடு. தூக்கிப் பேசு என்றால் மட்டம் தட்டு.

பயிற்சிக்கு மூன்று: வேட்டியை மடித்துக் கட்டு, தலையை நிமிர்த்து, அடுப்பில் குக்கரை ஏற்று. விடைகள்: இறக்கி விடு, குனி (‘தலையைக் குனிந்தான்’ என்றே வரும்), இறக்கு.