சிக்னலில் அணைந்த கார்: ஐடில் வால்வைக் கழுவினேன்

சுங்கை சிப்புட்டில் சிக்னல் விளக்கில் ஏர்கோனோடு நின்றால், என் 90களின் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் குலுங்கி அணைந்துவிடும். ஓடும்போது குறையே இல்லை. “புது ஐடில் வால்வு போட்டுருங்கண்ணே” என்றான் பட்டறைத் தம்பி. பழைய காருக்கு அது லேசில் கிடைக்கிற சாமானா?

பெடலிலிருந்து காலை எடுத்ததும், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியிலுள்ள திராட்டில் தகடு மூடிக்கொள்ளும். அப்போது எஞ்சின் ஐடிலில், அதாவது அணையாமல் மெதுவாக ஓட வேண்டிய காற்றைப் பக்கவழியாக அளந்து விடுவது இந்த ஐடில் வால்வுதான். ஏர்கோன் கம்ப்ரெசர் ஓடினால் அது இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். எண்ணெய் ஆவியும் கரியும் படிந்தால் ஒட்டிக்கொள்ளும்.

எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்து வெக்குவம் ஹோஸ்களில் வெடிப்பு இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டேன். எஞ்சின் ஆறியதும் பேட்டரி மைனஸைக் கழற்றினேன். வால்வு இருப்பது, அந்தத் தகடு உட்கார்ந்திருக்கும் திராட்டில் பாடியின் அடியில், இரண்டு கூலண்ட் ஹோஸ்களுக்கு நடுவே. கை நுழையாத இடுக்கு. பாடியோடு சேர்த்தே எடுத்துவிட்டேன்.

உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி பிசுபிசுவென்று கரி. துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து கார்ப் கிளீனர் அடித்து, பழைய டூத்பிரஷால் தேய்த்தேன். வால்வை இயக்கும் மின்சுருள் (காயில்) பக்கம் மட்டும் நனையவே கூடாது. துணியில் கருப்பு வருவது நின்றதும் காயவைத்தேன். இணைப்பில் கசிவை அடைக்கும் பழைய காஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். அங்கே காற்று கசிந்தால் அப்புறம் ஐடில் ஏறிவிடும்.

கூலண்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றிக் கிளப்பினேன். சூடானதும் ஆர்பிஎம் முள் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) 850 பக்கம் நின்றது. ஏர்கோனைப் போட்டால் லேசாக இறங்கி, உடனே ஏறிவிடுகிறது. தம்பியிடம் காஸ்கெட் மட்டும்தான் வாங்கினேன்.