ஹைபிரிட் கான்டாக்ட் லென்ஸ்: அணிவதும் கழற்றுவதும்

ஹைபிரிட் லென்ஸின் நடுப்பகுதி காற்றை ஊடுருவவிடும் கடினமான பொருளாலும், அதைச் சுற்றியுள்ள ஓரவளையம் மென்மையான லென்ஸின் பொருளாலும் ஆனவை. கருவிழி கூம்புபோல் முன்தள்ளி மெலியும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கும், சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததால் வரும் பார்வைக் குறை) அதிகமுள்ளவர்களுக்கும் இது பெரிதும் பயன்படுகிறது. கடின நடுப்பகுதிக்கும் கருவிழிக்கும் இடையே தேங்கும் கண்ணீர் கருவிழியின் மேடுபள்ளங்களை நிரப்பிவிடுவதால் பார்வை தெளிகிறது. மென்மையான வளையமோ லென்ஸை நடுவில் நிறுத்தி, உறுத்தலையும் குறைக்கிறது. பார்வையைத் திருத்துவது மட்டுமே இதன் வேலை. கெரட்டோகோனஸ் முற்றாமல் தடுக்க வேறு சிகிச்சை உண்டு. கண்ணைக் கசக்கும் பழக்கத்தையும் விட்டாக வேண்டும்.

அணியும் முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, நூல் பிரியாத துணியால் துடைத்து உலர்த்துங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனிகளையும் முக்காலிபோல் குவித்து, லென்ஸைச் சிறு கிண்ணமாக அவற்றின்மேல் நிறுத்தி, பதப்படுத்தும் வேதிப்பொருள் கலவாத சலைன் திரவத்தால் விளிம்புவரை நிரப்ப வேண்டும். லென்ஸைக் கழுவும் கரைசலை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பிறகு மேசைமேல் கிடத்திய முகம் பார்க்கும் கண்ணாடியை நோக்கி, முகம் தரைக்கு இணையாக இருக்கும்படி நன்றாகக் குனியுங்கள். மற்றொரு கையால் இமைகளை அகல விரித்து, திரவம் கண்ணைத் தொடும்வரை லென்ஸை நேராக மேலே கொண்டுவாருங்கள். சலைன் சிறிது வழிந்தோடுவது இயல்பே; புதியவர்கள் மடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்வது நல்லது. மென்லென்ஸ் அணிந்து பழகியவர்கள் நிமிர்ந்தபடியே அணிய முயல்வார்கள். அப்போது திரவம் கொட்டி, காற்றுக்குமிழி உள்ளே சிக்கிக்கொள்ளும். குமிழி இருந்தால் பார்வை மங்கும், கண் உறுத்தும்; லென்ஸைக் கழற்றி, மீண்டும் நிரப்பி அணிவதைத் தவிர வேறு வழியில்லை.

பலரும் திணறுவது கழற்றும்போதுதான். லென்ஸ் ஒட்டியதுபோல் இருந்தால், லென்ஸுக்கு உகந்த ஈரமூட்டும் சொட்டுகளை இட்டுச் சில நிமிடங்கள் பொறுங்கள். அதன்பின் விரல்களை முற்றிலும் உலரத் துடையுங்கள்; ஈர விரல் வழுக்குமே தவிர லென்ஸைப் பற்றாது. மேலே பார்த்தபடி கீழிமையை இறக்கி, மென்வளையத்தின் அடிப்பகுதியை மட்டும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லக் கிள்ளினால், காற்று உள்ளே புகுந்து லென்ஸ் விடுபடும். கடினமான நடுப்பகுதியைக் கிள்ளுவது வீண்முயற்சி. இரு பொருள்களும் இணையும் இடத்தில் நகம் பட்டால் லென்ஸ் கிழியக்கூடும்.

குழாய்நீர், கிணற்றுநீர், ஏன், காய்ச்சி ஆறவைத்த நீர்கூட லென்ஸில் படக் கூடாது. நீரில் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் கருவிழியைக் கடுமையாகத் தாக்க வல்லது. நீந்தும்போதும் உறங்கும்போதும் லென்ஸ் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் ஊறவைப்பவர்கள், அதற்கென்று தரப்படும் டப்பாவில், தயாரிப்பாளர் குறித்த நேரம் முழுவதும் வைத்திருக்க வேண்டும். முன்னதாக எடுத்து அணிந்தால் கண் எரிந்து புண்படும்.

மாலையில் லென்ஸ் இறுகிக் கழற்ற முடியாமல் போவதும், கழற்றியபின் வெண்விழியில் வளையம்போல் அழுத்தத் தடம் தெரிவதும் அளவு பொருந்தாமைக்கான அடையாளங்களாக இருக்கலாம். லென்ஸ் பொருத்தியவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். வலி, சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூசுதல், திடீர் மங்கல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் லென்ஸை உடனே கழற்றிவிட்டு, அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்த லென்ஸையும் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.