சிறுநீரகக் கல்லுக்கு எந்த லேசர்? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் சிறுநீரகக் கல் என்று தெரிந்ததும் இரண்டு மூன்று மருத்துவமனைகளில் செலவு மதிப்பீடு வாங்கி, கல்லை உடைக்கும் லேசர் வகைகளைப் பற்றி ‘அங்கே ஹோல்மியம், இங்கே தூலியம், புதியதே நல்லது’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடும் தமிழ்க் குடும்பங்கள் பல. லேசரின் பெயருக்கு முன்னால் பேச வேண்டியவை, சி.டி. ஸ்கேன் காட்டும் கல்லின் அளவும் இடமும் கடினமும்தான். 2 செ.மீ.க்கு மேற்பட்ட சிறுநீரகக் கல்லுக்கு, முதுகுப்புறம் சிறு துளையிட்டு எடுக்கும் பி.சி.என்.எல். முறையே பொதுவாக முதல் தேர்வு. யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் மருந்திலேயே கரையவும் கூடும்.

ஹோல்மியத்தை ஒரே கருவியாக எண்ணுவது அடுத்த தவறு. அதிகம் குழப்புவதும் இதுதான். 1990களிலிருந்து பயன்படும் ஹோல்மியத்தின் அலைநீளம் ஏறத்தாழ 2100 நானோமீட்டர். தூலியம் ஃபைபருடையது 1940. இந்த அலைநீளத்தை நீர் பல மடங்கு கூடுதலாக உறிஞ்சுவதாலும், லேசர் ஒளியைக் கல்வரை கொண்டுசெல்லும் இழையை 150 மைக்ரான் அளவுக்கு மெல்லியதாகப் பயன்படுத்த முடிவதாலும், தூலியம் கல்லை நுண்தூளாக்குவதில் சிறந்து நிற்கிறது. 2022இல் வெளியான நார்வே ஆய்வில் தூலியம் பெற்றவர்களில் 92 சதவீதமும், சாதாரண ஹோல்மியம் பெற்றவர்களில் 67 சதவீதமும் கல்லற்ற நிலையை அடைந்தனர். ஆனால், லேசர் துடிப்பின் வடிவத்தை மாற்றியமைக்கும் உயர்திறன் ஹோல்மியத்தோடு ஒப்பிட்ட 2023ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே ‘ஹோல்மியமா?’ என்று கேட்டால் போதாது, எந்தத் தலைமுறைக் கருவி என்றும், அதில் மருத்துவருக்கு எவ்வளவு பழக்கம் என்றும் கேட்க வேண்டும். என் கணிப்பில் இரண்டாவது கேள்வியே முக்கியமானது.

லேசரின் திறனைக் குறிக்கும் வாட் எண்ணைத் தரச்சான்றாகக் கொள்ள வேண்டாம். ஒரு துடிப்புக்கு 0.5 ஜூல், நொடிக்கு 80 துடிப்பு என்றால் 40 வாட். அந்த ஆற்றலின் பெரும்பகுதி சிறுநீரகத்துக்குள் இருக்கும் நீரைச் சூடாக்குகிறது. அறுவையின்போது உள்ளே செலுத்தும் நீரின் ஓட்டம் குறைந்தால் திசு வெந்துபோகும் ஆபத்து எந்த லேசரிலும் உண்டு.

‘முழுக்கத் தூளாக்கிவிடுவோம்’ என்ற உறுதிமொழியையும் அப்படியே ஏற்கலாகாது. தூள் தானாக வெளியேற வாரக்கணக்கில் ஆகலாம். மிச்சமிருப்பதை அல்ட்ராசவுண்டைவிட சி.டி. ஸ்கேன் துல்லியமாகக் காட்டும்.

அறுவைக்கு முன் கிருமித்தொற்று உண்டா என்று காட்டும் சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனையைத் தள்ளிவிடக் கூடாது. சிறுநீர் தடையின்றி இறங்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாயான டி.ஜே. ஸ்டென்டை எடுக்கும் செலவு மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்க வேண்டும்; மறந்துவிட்ட ஸ்டென்டின்மீதும் கல் படியும்.