சுங்கை பூலோவுக்குக் கிளம்புமுன் கடலேற்றம் பாருங்கள்

சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குப் போய்விட்டு, "ஒரு பறவையையும் காணோம்" என்று திரும்புகிறவர்கள் உண்டு. எத்தனை மணிக்குப் போனார்கள் என்று கேட்டால் காரணம் தெரிந்துவிடும். கடல் வற்றிக் கிடந்த நேரத்தில் குளங்களை எட்டிப் பார்த்திருப்பார்கள். அப்போது கரைப்பறவைகள் வெளியே ஜொகூர் நீரிணையின் சேற்றுப் பரப்பில் மேய்ந்துகொண்டிருக்கும். ஏற்றம் வந்து அந்தச் சேறு மூழ்கிய பிறகுதான் அவை உள்ளே வரும்.

இந்தக் குளங்கள் முன்பு இறால் பண்ணைகள். வலசைப் பறவைகள் இங்கே கூடுவதை 1986ல் பறவை ஆர்வலர்கள் கண்டு சொன்னார்கள். 1993ல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள்; 2002ல் சட்டப் பாதுகாப்புள்ள காப்பகமானது. பண்ணைக் காலத்து மதகு முறை இன்றும் பயன்படுகிறது. வெளியே கடல் ஏறும்போது பறவைகளுக்குக் கால் ஊன்ற உள்ளே ஆழமில்லாத இடம் வேண்டுமே, அதற்காகக் குளத்து நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்கிறார்கள்.

வலசைக் காலம் செப்டம்பர் முதல் மார்ச் வரை. அதற்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடல்துறை, துறைமுக ஆணையத்தின் கடலேற்ற அட்டவணையில், இதே நீரிணைக் கரையிலுள்ள செம்பவாங்குக்கான நேரத்தைப் பாருங்கள். உச்ச ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பறவை பார்க்கும் மறைவிடத்தில் உட்கார்ந்துவிட்டால் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைக் காணலாம். வீட்டு நாள்காட்டியும் ஓரளவு கணக்குச் சொல்லும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் பெரும்பாலும் நண்பகல் பக்கம் வரும், உயரமாகவும் இருக்கும். பிறகு நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமி வாக்கில் ஏற்றம் தணிவு. சேறு முழுதும் மூழ்காததால் பறவைகளும் குறைவாகவே உள்ளே வரும்.

காப்பகத்துக்கு இரண்டு வாசல்கள், இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கிராஞ்சி வே பக்கம் வருகையாளர் நிலையம். நியோ தியூ கிரசென்ட் பக்கம் ஈரநில நிலையம். இரண்டையும் இணைப்பது ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரையோரப் பாதை. டாக்சியில் வந்தால் எந்த வாசல் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பேருந்தில் வருபவர்கள் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் 925ஆம் எண் பேருந்தில் ஏறி, கிராஞ்சி நீர்த்தேக்கக் கார்நிறுத்தத்தில் இறங்கிச் சிறிது நடந்தால் போதும். நுழைவுக் கட்டணம் இல்லை. தினமும் காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும்.

மறைவிடத்தில் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்ததும் நிறத்தைத் தேடாதீர்கள். தொலைவில் எல்லாமே பழுப்பாகத்தான் தெரியும். அலகையும் காலையும் பாருங்கள். அலகு நீண்டு கீழ்நோக்கி வளைந்திருந்தால் சின்னக் கோட்டான். அலகு லேசாக மேல்நோக்கி, கால் பசுமை கலந்த சாம்பலாக இருந்தால் பச்சைக்காலி. செம்மஞ்சள் கால் பளிச்சென்று தெரிந்தால் பவளக்காலி; கோடியக்கரையில் பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். குட்டையான அலகோடு ஓடி நின்று, ஓடி நின்று கொத்துவது பொன்னிற உப்புக்கொத்தி. சேற்றில் எவ்வளவு ஆழத்தில் இரை எடுக்கிறதோ அதற்கேற்ற அலகு.

கையை வெளியே நீட்டுவது, உரக்கப் பேசுவது இரண்டும் வேண்டாம். ஒற்றைக் காலில் கண்மூடி நிற்கும் பறவை சோம்பிக் கிடக்கவில்லை. அடுத்த பயணத்துக்குக் கொழுப்பைச் சேமிக்கிறது. நாம் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது.

உவர்நீர் முதலையைத் தேடுபவர்கள் சுங்கை பூலோ புசார் ஆற்றின் மேலுள்ள பெரிய பாலத்தில் நின்று பொறுமையாகப் பாருங்கள். நீரில் நீளமாக எது தெரிந்தாலும் முதலை என்று கத்திவிடுகிறார்கள், பாதி நேரம் அது நீர் உடும்பு. உடும்பு ஒடுங்கிய தலையைத் தூக்கி, உடலை வளைத்து வளைத்து நீந்தும். பிளவுபட்ட நாக்கு வெளியே வந்து போகும். முதலைக்கு மூக்கு நுனி ஒரு மேடு, கண்கள் ஒரு மேடு, இடையில் நீர். கரையில் வாயைப் பிளந்து கிடந்தால் உடல் சூட்டைத் தணிக்கிறது என்று பொருள். நீரோரம் இறங்காதீர்கள், பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். பாதையிலேயே முதலை கிடந்தால் படத்துக்காக நெருங்காமல் மெதுவாகப் பின்வாங்கி, ஊழியர்களிடம் சொல்லுங்கள்.

கடல் வற்றும் நேரம்தான் வாய்த்தது என்றால் வருந்த வேண்டாம். சதுப்புநிலக் காட்டின் மரப்பலகைப் பாதைக்குப் போங்கள். பிச்சாவரத்தில் படகிலிருந்து பார்த்த அதே வகை மரங்கள் இங்கே கையருகில் நிற்கும். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் சேறு உயிர்பெறும். மட்ஸ்கிப்பர் என்ற தாவும் மீன் முதலில் கண்ணை மட்டும் நீட்டும். அந்தக் கண்ணை அவ்வப்போது குழிக்குள் இழுத்து நனைத்துக்கொள்ளும். தோல் காய்ந்தால் பக்கவாட்டில் புரளும். பெரிய வகை தன் வளையைச் சுற்றிச் சேற்றால் வரப்புக் கட்டிக் குட்டையாக்கி வைத்திருக்கும். வாயில் சேற்றை அள்ளி வந்து துப்புவதைக் கவனியுங்கள். எரிமலை போல் குவிந்திருக்கும் மண்மேடுகள் சேற்று இறாலின் வேலை.

கைப்பிடிக் கம்பியில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். கரும்பழுப்பு நிறச் சதுப்புநில விரியன் அதிலும் தாழ்ந்த கிளைகளிலும் நெடுநேரம் அசையாமல் சுருண்டு கிடக்கும். நச்சுள்ளது, ஆனால் சீண்டாதவரை வம்புக்கு வராது.

குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் உணவு என்றே நினைக்கும். எல்லாவற்றையும் மூடிய முதுகுப்பையில் வையுங்கள். விலங்குகளுக்கு உணவளித்தால் முதல் முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, மறுமுறை 10,000 வெள்ளி வரை அபராதம். செல்லப்பிராணி, சைக்கிள், டிரோன் எதற்கும் அனுமதியில்லை.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, முழுக்கால் சட்டை, மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி 8 மடங்கு பெரிதாக்குவது போதும்; அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். குளக்கரையில் நிழல் குறைவு. இடி கேட்டால் திறந்த வரப்பிலோ பறவை பார்க்கும் கோபுரத்திலோ நிற்காமல் நிலையக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மாலை ஏற்றத்துக்கு வந்தவர்கள் 6 மணிக்கே திரும்ப நடக்கத் தொடங்கினால் வாசல் மூடுமுன் வெளியேறலாம்.